பழைய கார்பன் கிட்டார் இரண்டு, புதியது ஒன்று

என் மரக் கிட்டாரை வாசித்த நேரத்தைவிடப் பராமரித்த நேரம்தான் அதிகம். பெட்டிக்குள் ஒரு ஈரப்பதமானி, ஈரப் பஞ்சு அடைத்த ஒரு சின்னக் குழாய், வாரம் இரண்டு முறை அந்தப் பஞ்சுக்குத் தண்ணீர். கிட்டத்தட்ட தொட்டிச் செடி வளர்ப்புதான். காற்றில் ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் இருந்தால் மரத்துக்கு நல்லது என்பார்கள்; நானும் அப்படியே வைத்திருந்தேன். ஒரே ஒரு முறை, நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் இருந்தபோது, இரண்டு வாரம் பஞ்சை நனைக்க மறந்துவிட்டேன். கம்பிகள் உடலில் வந்து முடியும் பிரிட்ஜுக்குக் கீழே மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். பழுது பார்த்தவர் நன்றாகவே ஒட்டிக் கொடுத்தார். ஆனால் அதற்குப் பிறகு பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கண் முதலில் அந்த விரிசலைத்தான் தேடும். கம்பியில் கை வைப்பது அப்புறம்தான்.

மரத்துக்குப் பதில் கார்பன் இழையில் செய்து, ஈரப்பதத்துக்கு விரிசல் விடாத கார்பன் ஃபைபர் கிட்டார் பக்கம் மனம் போனது அப்போதுதான். இன்றுவரை மூன்று வாங்கியிருக்கிறேன். இரண்டு செகண்ட் ஹேண்ட், ஒன்று ஆர்டர் கொடுத்துச் செய்தது. பழசு முதலில், புதுசு கடைசியில் என்று அமைந்தது திட்டமிட்டு நடந்ததல்ல, கையில் பணம் இல்லாததால் நடந்தது. இப்போது யோசித்தால் அந்த வரிசைதான் சரி என்று தோன்றுகிறது.

முதலில் தேட ஆரம்பித்தபோது எனக்கு இந்தக் கிட்டார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. பழைய கிட்டார் வாங்குபவனுக்கு எது எங்கே, எப்போது செய்யப்பட்டது என்ற அறிவு கொஞ்சமாவது வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்த சார்லஸ் காமன் தொடங்கிய ஓவேஷன், 1976-ல் அடமாஸ் மாடலில் கார்பன் முகப்பைக் கொண்டுவந்தது. அதில் நெக், அதாவது விரல்கள் ஓடும் நீளக் கழுத்து, மரம்தான். நெக், உடல் எல்லாவற்றையும் கார்பனிலேயே செய்யும் ரெயின்சாங், ஜான் டெக்கர் என்ற இயற்பியலாளர் ஹவாயில் தொடங்கியது. பிறகு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்குப் போனது. லூசியானாவில் எல்லிஸ் சீல் தொடங்கிய காம்போசிட் அகூஸ்டிக்ஸ் 2010-ல் மூடப்பட்டு, அந்த ஆண்டே பீவி நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதன் பிறகு அந்தப் பெயரில் வந்த கிட்டார்கள் மிசிசிப்பியில் செய்யப்பட்டவை. அயர்லாந்தில் அலிஸ்டர் ஹே 1998-ல் தொடங்கிய எமரால்டு, விஸ்கான்சினில் மெக்பெர்சன், யூட்டாவில் க்ளோஸ் என்று பட்டியல் நீளும். ஆக, ஒரே பெயர் தாங்கிய இரண்டு பழைய கிட்டார்கள் வேறு வேறு ஊர்களில், வேறு வேறு கைகளில் பிறந்தவையாக இருக்கலாம். உள்ளே ஒட்டிய லேபிளையும் வரிசை எண்ணையும் படம் எடுத்து அனுப்பச் சொல்வது அதற்காகத்தான். விலை பேசுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு குழப்பம் 'கார்பன்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. கார்பன் துணியை அச்சில் அடுக்கி எபாக்சி பிசினில் இறுக்கிச் செய்வது ஒரு வகை. நொறுக்கிய கார்பன் இழையைப் பிளாஸ்டிக்கோடு கலந்து அச்சுக்குள் உருக்கிச் செலுத்துவது இன்னொரு வகை. லாவா மீ, என்யாவின் நோவா கோ போன்றவை இந்த இரண்டாவது வகை. அவற்றைக் குறையாகச் சொல்லவில்லை; பயணத்துக்கும் கற்றுக்கொள்வதற்கும் நல்லவைதான். ஆனால் விற்பவர்கள் இரண்டையும் 'கார்பன் கிட்டார்' என்றே எழுதுகிறார்கள். விலை ஏன் இவ்வளவு குறைவு என்று ஒருவன் சந்தோஷப்படுவதற்கும், ஏன் இவ்வளவு அதிகம் என்று இன்னொருவன் சண்டைக்குப் போவதற்கும் இதுவே காரணம். நெசவு கண்ணில் படுகிறதா என்று பார்த்து மட்டும் முடிவு கட்டவும் முடியாது. நெசவு போன்ற படம் அச்சிட்ட ஒட்டுத்தாளும் உண்டு, உண்மையான கார்பனை வண்ணம் பூசி மறைத்ததும் உண்டு. மாடல் பெயரைக் கேட்டு, அந்த மாடல் எப்படிச் செய்யப்பட்டது என்று தேடிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

சரி, முதல் கிட்டார். விற்றவர் வீட்டுக்கே போனேன். நடுத்தர உடல், வட்டத் துளை, கறுப்பு. இரண்டு கோர்டு போட்டதும் மயங்கிவிட்டேன். கார்பன் என்றால் கண்ணாடியில் தட்டினது போல் இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேனே, இது இவ்வளவு இனிமையாக இருக்கிறதே! பெட்டியில் நிறையக் கீறல் இருந்தது, கிட்டாரில் ஒன்றும் இல்லை. புதியதின் விலையில் பாதிக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் புதுக் கம்பி போட்டேன். இனிமை போன இடம் தெரியவில்லை. பல் கூசும் அளவுக்கு ஒரு கூர்மை. அவர் வீட்டில் நான் கேட்டது கிட்டாரின் ஒலி இல்லை, ஒரு வருடமாக மாற்றாத செத்த கம்பியின் ஒலி.

இதில் அவர் ஏமாற்றியது எதுவும் இல்லை. பழைய கிட்டாரைக் கேட்கப் போகும்போது நாம்தான் ஒரு செட் புதுக் கம்பி கொண்டுபோக வேண்டும். முடிந்தால், நமக்குப் பழகிய அதே வகையைக் கொண்டுபோவது நல்லது. மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சரி என்றுதான் சொல்வார்கள். கம்பி இலவசமாகக் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? அந்தக் கூர்மையைப் பிறகு நான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். பூச்சு உள்ள ஃபாஸ்ஃபர் பிரான்ஸ் கம்பி, தடித்த பிக், வலது கையைப் பிரிட்ஜிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைப்பது. கடைசியாகச் சொன்னதுதான் மற்ற இரண்டையும்விட அதிகம் உதவியது.

இங்கேதான் கார்பனுக்கும் மரத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு வருகிறது. மரக் கிட்டார் வாசிக்க வாசிக்கத் திறக்கும், பத்து வருடத்தில் வேறு கிட்டாராகிவிடும் என்பார்கள். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு காதலனின் பார்வை என்ற சண்டைக்கு நான் வரவில்லை. கார்பனில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. முதல் நாள் கேட்ட ஒலிதான் ஆயிரமாவது நாளும். பழசு வாங்குபவனுக்கு இது பெரிய வசதி: அடியோ கடும் சூடோ படாமல் பத்து வருடம் ஓடிய கார்பன் உடல் புதியதற்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. புதுசு வாங்குபவனுக்கு இது ஒரு எச்சரிக்கை: பிடிக்கவில்லை என்றால், போகப்போகப் பழகிவிடும் என்று காத்திருக்காமல், திருப்பித் தரும் நாள் முடிவதற்குள் திருப்பித் தந்துவிட வேண்டும்.

அப்படியென்றால் பழைய கார்பன் கிட்டாரில் கெடுவது என்ன? கார்பன் தானாகக் கெடாது. அதில் மாட்டியவையும் ஒட்டியவையும் கெடும். நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட், கம்பியைத் தலைப்பக்கம் தாங்கும் நட், பிரிட்ஜ் பக்கம் தாங்கும் சேடில், சுருதி சேர்க்கும் கீ, ஒலியை மின்சாரமாக்கும் பிக்கப், அதைப் பெருக்கும் ப்ரீஆம்ப், பிரிட்ஜை ஒட்டிய பசை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டாவது கிட்டார். எந்த நிறுவனத்துடையது என்பதை விட்டுவிடுகிறேன். தவறு என்னுடையதுதான்.

முதலாவது நன்றாக அமைந்ததால் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. இரண்டாவதைப் படத்தை மட்டும் பார்த்து, தூரத்திலிருந்து வரவழைத்தேன். பன்னிரண்டு படம் அனுப்பியிருந்தார் விற்றவர். எல்லாம் அழகான படங்கள். நெசவு மின்னுகிறது, பின்புறம் பளபளக்கிறது. அந்தப் பன்னிரண்டில் ஒன்றில்கூட சேடில் பக்கவாட்டில் தெரியவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. "சார், கார்பன் சார், இதில் என்ன கெட்டுப்போகும்? வருடக்கணக்கில் காரிலேயேதான் கிடந்தது, ஒன்றும் ஆகவில்லை" என்றார் போனில். அதைக் கேட்டு நான் நியாயமாகப் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

கிட்டார் வந்தது. ஆக்‌ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி நிற்கும் உயரம், அதிகம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்குக் கீழே அளவுகோலை வைத்தால் 3.5 மில்லிமீட்டர். என் கைக்கு 2-லிருந்து 2.5 வரைதான் சரிப்படும். சரி, சேடிலைத் தேய்த்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், தேய்ப்பதற்கு அங்கே சேடிலே இல்லை. முந்தைய சொந்தக்காரர்கள் தேய்த்துத் தேய்த்து, பிரிட்ஜுக்கு மேலே நகத்தின் தடிமன்தான் மிச்சம் இருந்தது. கணக்கு எளிது. பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் நடுவில் இருப்பதால், அங்கே 1 மில்லிமீட்டர் குறைக்க சேடிலில் 2 மில்லிமீட்டர் இறக்க வேண்டும். எனக்கு வேண்டியது 2 மில்லிமீட்டருக்கு மேல். அங்கே மொத்தம் இருந்ததே ஒன்றுதான்.

பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். வயதானவர், மரத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவர். கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, மரமாக இருந்தால் நெக்கைக் கழற்றி, அடியைச் சீவி, கோணத்தை மாற்றி மறுபடி மாட்டிவிடுவேன். இதில் நெக் எங்கே முடிகிறது, உடல் எங்கே ஆரம்பிக்கிறது?" என்றார். இரண்டும் ஒரே வார்ப்பு. அதற்குள் நெக்கின் வளைவைத் திருத்தும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டும் இல்லை. எல்லாக் கார்பன் கிட்டாரும் இப்படியில்லை. நெக்கைப் போல்ட் போட்டு மாட்டியவையும், ட்ரஸ் ராட் உள்ளவையும் இருக்கின்றன. ஆனால் நான் வாங்கியது அச்சிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே சாகும் வரை இருக்கும் வகை. 'நெக் வளையவே வளையாது' என்பது விளம்பரத்தில் பெருமை. தவறாக வளைந்து வந்துவிட்டால் நிமிராது என்பதும் அதே வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது.

அந்த நெக் பிறவியிலேயே அப்படியா, காரின் சூட்டில் அப்படியானதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சூட்டைச் சந்தேகிக்கக் காரணம் இருந்தது. கார்பன் இழை சூட்டுக்கு அசையாது. அதைப் பிடித்துவைத்திருக்கும் எபாக்சி அப்படியில்லை. அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்சி 50, 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும்; அடுப்பில் வைத்து இறுக்கிய நல்ல வகை இன்னும் மேலே தாங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள், கறுப்புப் பெட்டிக்குள், கறுப்புக் கிட்டார். அதோடு கம்பிகள் நெக்கை ஓயாமல் முன்னால் இழுத்துக்கொண்டிருக்கின்றன. சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தபோது பளபளப்புப் பூச்சுக்கு மேலே நெசவின் மேடுபள்ளம் லேசாகத் தெரிந்தது. கை வைத்தால் துணியைத் தொடுவது போல. அது அழகு சம்பந்தமான குறைதான், ஒலிக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் இந்தக் கிட்டார் நிறைய வெயில் பார்த்திருக்கிறது என்று அது சொல்வதாகவே எடுத்துக்கொண்டேன்.

ப்ரீஆம்ப் கதை வேறு. பக்கவாட்டில் வெட்டிய துளையில் பொருத்திய பழைய மாடல். பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் 9 வோல்ட் பேட்டரி எப்போதோ கசிந்து, கவ்வி முழுக்கப் பச்சைப் பூஞ்சை மாதிரி. அதே மாடல் இப்போது தயாரிப்பில் இல்லை. புதியது வாங்கினால் துளையின் அளவு பொருந்தாது. மரமென்றால் துளையைக் கொஞ்சம் அறுத்துப் பெரிதாக்கலாம். கார்பனை அறுப்பது வேறு வேலை: பிளேடு சீக்கிரம் மழுங்கும், விளிம்பு பிய்ந்து நார் நாராக நிற்கும், தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. அதோடு அந்தத் தூசி மின்சாரம் கடத்தும். ப்ரீஆம்புக்குள் போனால் அதையும் கெடுத்துவிடும். பெல்ட் மாட்ட ஒரு பொத்தான் வைக்கிறேன் என்று முகமூடி இல்லாமல் துளையிட்டு, ஒரு நாள் முழுக்க முன்கை அரித்த அனுபவம் எனக்கு உண்டு. மெல்ல, டேப் ஒட்டிய இடத்தில், முகமூடியோடு, பக்கத்தில் வேக்குவம் ஓட, வேறொருவரைச் செய்ய வைப்பது உத்தமம்.

ஆக, இரண்டாவது கிட்டாருக்குப் பெரியவர் ஃப்ரெட்டுகளை மேலிருந்து கீழ்வரை சமன் செய்து, கடைசி ஃப்ரெட்டுகளைச் சற்றுத் தாழ்த்தி, பிரிட்ஜையும் சேடிலையும் கொஞ்சம் தேய்த்து, 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். வாசிக்கலாம். விரும்பி எடுக்கத் தோன்றாது. கூலியையும் சேர்த்தால், 'மலிவு' என்ற சொல்லை அந்தக் கிட்டாருக்கு இனிப் பயன்படுத்த முடியாது.

அன்றிலிருந்து பழைய கார்பன் கிட்டார் யாராவது பார்க்கப் போகிறேன் என்றால் நான் சொல்வது இதுதான். அழகான படங்களைப் பார்க்காதீர்கள், அசிங்கமானவற்றைக் கேளுங்கள். சேடிலைப் பக்கவாட்டில், அளவுகோலோடு ஒரு படம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம், அதுவும் அளவுகோலோடு. முதல் ஐந்து ஃப்ரெட்டுகளின் நெருக்கப் படம். நிக்கல் கலப்பு ஃப்ரெட் என்றால் கம்பி பதிந்த குழி அங்கேதான் தெரியும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. பேட்டரிப் பெட்டியைத் திறந்து ஒரு படம். இவற்றை எடுத்து அனுப்பத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

நேரில் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. தலைப்பக்கத்திலிருந்து நெக்கின் விளிம்பை ஒற்றைக் கண்ணால் பாருங்கள். முதல் ஃப்ரெட்டிலும் நெக் உடலோடு சேரும் இடத்திலும் கம்பியை அழுத்திப் பிடித்து, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால் வளைவு தெரியும். ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்து, அதற்கு மேலும் இடம் இருந்தால், ட்ரஸ் ராட் இல்லாத கிட்டாரில் அது பெரிய கேள்வி. பிறகு நாணயத்தால் உடல் முழுக்க மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கணீரென்று இருக்கும். அடுக்குகள் உள்ளே பிரிந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் மொத்தென்று சத்தம் மாறும். கீழே விழுந்த கார்பனில் வெளியே சின்னச் சொட்டை மட்டும் தெரியும், உள்ளே கையகலத்துக்குப் பிரிந்திருக்கலாம். மரத்தில் அடி பட்டால் விரிசலாகக் கண்ணுக்குத் தெரியும். இங்கே காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிரிட்ஜின் பின் விளிம்பில் மெல்லிய காகிதத்தைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விடுகிறது என்று அர்த்தம்.

பிறகு, ஆறு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, மெதுவாக வாசிக்க வேண்டும். நூறு ஸ்வரத்துக்கு மேல் வரும். சலிப்பான வேலைதான். நான் முதல் கிட்டாரில் இதைச் செய்யவில்லை, தப்பித்தேன். இரண்டாவதில் வீடியோ அழைப்பிலாவது செய்யச் சொல்லியிருக்கலாம்.

துளையின் வடிவத்தையும் ஒரு நிமிடம் யோசியுங்கள். எமரால்டிலும் மெக்பெர்சனிலும் துளை நடுவில் இல்லாமல் மேல் ஓரத்துக்குப் போயிருக்கும். வாசிப்பவர் காதுக்கு அது சுகம். ஆனால் உங்களிடம் ஏற்கெனவே துளையில் பொருத்தும் பிக்கப்போ, மேடையில் ஊளையைத் தடுக்கும் ரப்பர் மூடியோ இருந்தால் அவற்றுக்கு இடமில்லை. கார்பன் உடல் ரேடியோ அலையையும் தடுக்கும். வயர்லெஸ் கருவியை உள்ளே ஒளித்துவைக்கலாம் என்று திட்டம் போட்டிருந்தால் கைவிடுங்கள்.

உத்தரவாதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியது குறைவு. பெரும்பாலும் அது முதல் சொந்தக்காரருக்குத்தான். விற்பவர் 'வாழ்நாள் உத்தரவாதம்' என்று எழுதியிருந்தால், யாருடைய வாழ்நாள் என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதில் ஒரு வசதி உண்டு. 2017 தொடக்கத்தில் ரோஸ்வுட் இனம் முழுவதும், அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்து, மரக் கிட்டார்கள் எல்லை தாண்டக் காகிதம் தேடி அலைந்த காலம் ஒன்று இருந்தது. 2019 இறுதியில் வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இன்றும் இல்லை. முழுக் கார்பனுக்கு இந்தத் தலைவலி எப்போதும் இருந்ததில்லை. வரியும் அனுப்பும் செலவும் தனி. அவற்றைக் கூட்டிய பிறகுதான் பழசு மலிவா என்று சொல்ல முடியும். எனக்கு ஒரு முறை கூட்டிப் பார்த்தபோது புதியதின் விலைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. அந்தப் பேரத்தை விட்டுவிட்டேன்.

மூன்றாவதை ஆர்டர் கொடுக்க முடிவு செய்தபோது என்னிடம் ஒரு படிவம் வந்தது. நட் எவ்வளவு அகலம்: 43 மில்லிமீட்டரா, 44.5-ஆ, 47.6-ஆ? நெக்கின் முதுகு எந்த வடிவம்? ஃப்ரெட் எந்த உலோகம்? பிக்கப் வேண்டுமா, எது? பக்கவாட்டுப் புள்ளிகள் இருட்டில் ஒளிர வேண்டுமா? கார்பனே தொடாதவனாக நான் இந்தப் படிவத்தை நிரப்பியிருந்தால் பாதிக்குக் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்திருப்பேன். முதல் கிட்டாரில் நட் 43 மில்லிமீட்டர். விரலால் மீட்டும்போது பக்கத்துக் கம்பியில் நகம் பட்டுக்கொண்டே இருந்தது. இரண்டாவதில் 47.6, ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் பாரே கோர்டு பிடித்தால் கட்டைவிரல் அடியில் வலித்தது. படிவத்தில் 44.5 என்று எழுதும்போது என் கை எனக்கே பதில் சொன்னது. ட்ரஸ் ராட் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டேன். ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட்டுக்குக் கூடுதல் பணம் கேட்டார்கள், பேசாமல் கொடுத்தேன்.

புதியதிலும் தவறு செய்தேன். இரண்டு. ஒன்று, பளபளப்புப் பூச்சு. கறுப்பு, கண்ணாடி போல. வந்த முதல் வாரம் அழகு. பிறகு கைரேகையும் மெல்லிய துணிக்கீறலுமாக, துடைத்தால் இன்னும் அதிகமாகத் தெரிகிறது. மங்கல் பூச்சுக் கேட்டிருக்க வேண்டும். இன்னொன்று, விலை உயர்ந்த இரட்டை பிக்கப். வருடத்துக்கு இரண்டு முறைகூட நான் அதை ஒலிபெருக்கியில் செருகுவதில்லை. மேடை ஏறும் கனவுக்குக் கொடுத்த காசு என்று வைத்துக்கொள்கிறேன்.

காத்திருப்பு சொன்னதைவிட நீண்டது. நான்கு மாதம் என்றார்கள், ஏழு ஆயிற்று. ஆர்டர் கொடுத்துச் செய்ததைத் திருப்பித் தர முடியாது என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது. அதனால் ஐந்தாவது மாதத்தில் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த இரண்டு வரியையும் நிதானமாகப் படிக்க வேண்டும். கையிருப்பில் தயாராக இருக்கும் புதுசை வாங்குவது பழசுக்கும் ஆர்டருக்கும் நடுவில் ஒரு வழி. நிறம் நாம் கேட்டதாக இருக்காது, ஆனால் சில நாள் வீட்டில் வைத்து வாசித்துவிட்டுத் திருப்பித் தரலாம். மறுபடி வாங்க நேர்ந்தால் நான் இதைத்தான் செய்வேன் என்று நினைக்கிறேன். உங்களுக்கென்று கேட்டு வாங்கிய ஊதா நிறமும் பெயர் பொறித்த நெக்கும் நாளை விற்கும்போது வேறு யாருக்கும் தேவைப்படாது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் அந்த நெக் வந்தது பாருங்கள். பெட்டியைத் திறந்து எடுத்து, ட்யூன் செய்து, முதல் கோர்டு பிடித்தபோது நான் கையைப் பற்றி நினைக்கவே இல்லை. ஏழு மாதக் கோபம் அங்கேயே போய்விட்டது. ஒலியில் முதல் பழசுக்கும் இதற்கும் பெரிய தூரம் கிடையாது, நேர்மையாகச் சொன்னால் பழசு ஒரு பிடி அதிகம் முழங்கும். நான் கொடுத்த கூடுதல் பணம் முழுக்க அந்த நெக்குக்குத்தான்.

ஆகவே என் கணக்கு இப்படி. உங்கள் கைக்கு எந்த அகலம், எந்த வடிவம் என்று இன்னும் தெரியாதென்றால், நேரில் பார்க்கக் கிடைக்கும் ஒரு நல்ல பழைய கார்பன் கிட்டாரை வாங்கி ஒரு வருடம் வாசியுங்கள். பிடிக்கவில்லை என்றால் கிட்டத்தட்ட வாங்கிய விலைக்கே விற்றுவிடலாம், நான் முதலாவதை அப்படித்தான் விற்றேன். பெட்டியின் கீறலுக்கு மட்டும் கொஞ்சம் குறைத்துக் கேட்டார்கள்.

இரண்டாவதை விற்பதுதான் பெரும்பாடாக இருந்தது. நடந்ததையெல்லாம் அப்படியே எழுதினேன். தேய்ந்த சேடிலின் பக்கவாட்டுப் படம், அளவுகோல், 3 மில்லிமீட்டர், கசிந்த பேட்டரி, நிமிராத நெக். விலையைப் பாதிக்குக் கீழே வைத்தேன். மூன்று மாதம் யாரும் கூப்பிடவில்லை. பிறகு ஒருவர் கூப்பிட்டார். ஸ்லைடு வாசிப்பவராம். விரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு கம்பியின் மேலே வழுக்குபவர்களுக்குக் கம்பி ஃப்ரெட்டில் படவே கூடாது. எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்திருந்தார், விலையும் பேசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அண்ணா, ஆக்‌ஷனை இன்னும் கொஞ்சம் ஏற்ற முடியுமா?"